டிப்ளோர், கன்டெம், டினவுன்ஸ்: மூன்றுமே ‘கண்டனம்’தானா?

ஆங்கில அறிக்கை ஒன்று செய்தி மேசைக்கு வந்தால், டிப்ளோர் (deplore), கன்டெம் (condemn), டினவுன்ஸ் (denounce) என்ற மூன்று வினைச்சொற்களின் மேலும் நாம் ‘கடும் கண்டனம்’ என்ற ஒரே முத்திரையைக் குத்திவிடுகிறோம். மூன்றுக்கும் எடை வேறு, பிறப்பும் வேறு.

அதிகம் சேதமாவது டிப்ளோர். லத்தீனில் ‘ப்ளோராரே’ என்றால் வாய்விட்டு அழுவது. கெஞ்சுவதைக் குறிக்கும் இம்ப்ளோரும் அதே வேர்தான். அந்த அழுகையின் ஈரம் இன்னும் காயவில்லை. ‘இப்படிச் செய்துவிட்டார்களே’ என்ற வேதனையும் வெறுப்பும் கலந்த சொல் அது. இலக்கணத்திலும் ஒரு கட்டுப்பாடு உண்டு: வழக்கமாகச் செயலைத்தான் டிப்ளோர் செய்வார்கள், ஆளை அல்ல. அமைச்சரின் பேச்சை டிப்ளோர் செய்யலாம். அமைச்சரையே செய்தால் ஆங்கிலக் காதுக்கு உறுத்தும்.

கன்டெம் தீர்ப்பு சொல்லும் சொல். ‘டாம்னும்’ என்றால் இழப்பு, அபராதம். டேமேஜும் அதன் வழி வந்ததே. அதனால்தான் மரண தண்டனைக்கும், குடியிருக்க லாயக்கில்லை என்று அரசு அறிவிக்கும் கட்டடத்துக்கும் இதே சொல். ‘கண்டி’ இதற்குப் பொருத்தமான இணை. வடமொழியில் அதன் வேருக்கு வெட்டுதல், துண்டாக்குதல் என்று பொருள்.

இரண்டையும் ஒரே தாளில் பார்க்க, உக்ரைன் பற்றி ஐ.நா. பொதுச்சபை 2022 மார்ச் 2 அன்று நிறைவேற்றிய தீர்மானத்தைப் புரட்டலாம். ஆதரவு 141, எதிர்ப்பு 5. இந்தியா உட்பட 35 நாடுகள் எந்தப் பக்கமும் சேராமல் நடுநிலை வகித்தன. ‘சிறப்பு ராணுவ நடவடிக்கை’ என்ற ரஷ்யாவின் பிப்ரவரி 24 அறிவிப்புக்கு முகவுரையில் கன்டெம். ஆக்கிரமிப்புக்கு, சபையின் முடிவுகளைச் சொல்லும் செயல்பாட்டுப் பகுதியில், ‘மிகக் கடுமையான சொற்களில்’ டிப்ளோர். ராஜதந்திர வழக்கில் டிப்ளோர் ஒரு படி கீழே. இரண்டையும் ‘கண்டித்தது’ என்று எழுதினால் அந்தப் படி காணாமல் போகிறது. இங்கே டிப்ளோருக்கு ‘மிகவும் வருந்தத்தக்கது எனச் சாடியது’ ஓரளவு பொருந்தும். வெறும் ‘வருத்தம் தெரிவித்தது’ போதாது; வெறும் வருத்தத்தைச் சொல்லும் ரிக்ரெட் (regret) அளவுக்கு இறங்கிவிடும்.

டினவுன்ஸில் ‘நுன்டியுஸ்’, அதாவது தூதன், ஒளிந்திருக்கிறான். நாலு பேர் கேட்கச் சொன்னால்தான் டினவுன்ஸ். மனதுக்குள் செய்ய முடியாது. டிப்ளோரை மனதுக்குள்ளேயே செய்யலாம். ஒருவரை அதிகாரிகளிடம் காட்டிக்கொடுப்பதும் டினவுன்ஸ்தான். பெரிய விபத்து ஒப்பந்தச் செய்திகளில் நடக்கும். ஒரு நாடு ஒப்பந்தத்தை டினவுன்ஸ் செய்தால், அதைக் கண்டித்ததாகப் பொருளில்லை. விலகுவதாக முறைப்படி அறிவித்திருக்கிறது. நாடுகளின் ஒப்பந்தங்களுக்கான விதிகளைச் சொல்லும் 1969 வியன்னா உடன்படிக்கையில், விலகலுக்கு வழி சொல்லாத ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசும் 56ஆம் பிரிவு, விலக இடமிருந்தால் குறைந்தது 12 மாத முன்னறிவிப்பு கேட்கிறது. அதைப் போய் ‘ஒப்பந்தத்துக்குக் கண்டனம்’ என்று தலைப்பிட்டால் செய்தியே தலைகீழ்.