மையத்தில் பயிற்சியா, வீட்டில் பயிற்சியா?

ஆட்டிசம் உள்ள பிள்ளையை நடத்தைப் பயிற்சிக்காக ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் மையத்துக்கு அழைத்துப்போய்த் திரும்பினால் நூறு கிலோமீட்டருக்கு மேல். பஸ் இரைச்சலிலேயே பிள்ளை துவண்டுவிடும். ஆனாலும் மையத்தில் தேர்ந்த கண்கள் இருக்கின்றன: அலறலுக்கு முன் என்ன நடந்தது, பின் என்ன கிடைத்தது என்று குறித்துப் பார்ப்பார்கள். தாய் தனியாக இதைக் கற்பது கடினம்.

வீட்டிலோ பாடம் அடுப்படியிலேயே நடக்கிறது. மீன் பொரிக்கும்போது ‘வேண்டும்’ என்று சொல்லவோ படத்தைத் தொட்டுக் காட்டவோ பழக்கலாம். கேட்டவுடன் கொடுத்துவிட வேண்டும்; அந்த மீன் துண்டுதான் பரிசு.

1987இல் வெளியான, உளவியலாளர் லோவாஸின் ஆட்டிசம் நடத்தைப் பயிற்சி ஆய்வு வாரத்துக்கு 40 மணி நேரப் பயிற்சியைப் பேசியது. கடலுக்குப் போகும் குடும்பத்தால் அது முடியுமா? பயிற்சியின்போது பிள்ளையை ‘கண்ணைப் பார்’ என்று வற்புறுத்துவதை நான் எந்த இடத்திலும் ஏற்கமாட்டேன். மாதம் இருமுறை மையம், மற்ற நாட்களில் அப்பாவும் அப்பத்தாவும் சேர்ந்த வீட்டுப் பயிற்சி: என் தேர்வு இது.