சாந்தோரினிக்கு எந்தக் கப்பல்: பெரியதா, வேகமானதா?

ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கிரீஸின் சாந்தோரினி தீவுக்குப் போக நினைக்கும் பலரும் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள்.

நேரம்: பெரிய கப்பலில் சுமார் 8 மணி நேரம், வேகக் கப்பலில் சுமார் 5.

காசு: வேகக் கப்பல் டிக்கெட் பெரும்பாலும் ஒன்றரை மடங்குக்கு மேல்.

காற்று: இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்டெமி என்ற காற்று நாள்கணக்கில் வீசும்; அப்போது முதலில் ரத்தாவது வேகக் கப்பல்தான், ஓடினாலும் குலுக்கி எடுத்துவிடும். பெரியது ஆடும், ஆனால் வயிற்றைப் புரட்டுவது குறைவு.

வசதி: வேகக் கப்பலில் பெரும்பாலும் உள்ளேயே, கொடுத்த இருக்கையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பெரிய கப்பலில் பெட்டியைக் கீழே தீவின் பெயர் எழுதிய தட்டில் வைத்துவிட்டு, காபியோடு மேல்தளம் ஏறிவிடலாம். பாரோஸ், நக்ஸோஸ் என்று நிற்கும் இடங்களில் பின்கதவு சங்கிலிச் சத்தத்தோடு இறங்க, லாரிகளும் பைக்குகளும் ஆட்களும் ஒன்றாக வெளியே வருவதைப் பார்ப்பதே தனி சுகம். அப்புறம் கடைசியில் எரிமலைப் பாறைச் சுவருக்குள் கப்பல் நுழையும் அந்தக் காட்சியை வேகக் கப்பலின் கண்ணாடி வழியாகப் பார்ப்பது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை.

இரண்டே நாள் விடுமுறை, காற்றில்லாத மே அல்லது ஜூன் என்றால் வேகக் கப்பல் சரி. குழந்தைகள், பெரியவர்கள், வாந்தி வரும் உடம்பு, ஆகஸ்ட் பயணம் என்றால் பெரியதுதான். எதில் போனாலும், ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே ஏதென்ஸ் வந்துவிடுங்கள்.