எடைக் குறைப்பு ஆபரேஷன் பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

என் அக்காவுக்கு எடை குறைய ஸ்லீவ் ஆபரேஷன், அதாவது இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ஆபரேஷன், செய்த மருத்துவமனையைப் பற்றித்தான் எழுதுகிறேன். புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, அக்காவுக்குச் சர்க்கரை நன்றாகக் கட்டுப்பட்டிருக்கிறது. கத்தி வைத்த டாக்டர் மேலும் குறை இல்லை. ஏமாற்றியதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

"ஒரு வருஷம் டயட்டீஷியன் உங்க கூடவே இருப்பாங்க" என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். கிடைத்தது, டிஸ்சார்ஜ் அன்று கையில் திணித்த ஒரு ஜெராக்ஸ் தாள். அதில் வான்கோழி, காட்டேஜ் சீஸ், ஓட்ஸ் என்று போட்டிருந்தது. முட்டையைத் தாண்டாத வீடு எங்களுடையது. பருப்பை எவ்வளவு கடைந்து கொடுப்பது, சோறு எப்போது ஆரம்பிப்பது, எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் ஃபார்மசியிலேயே வாங்கியாக வேண்டும் என்று புரோட்டீன் பவுடர் டப்பாக்களை மட்டும் மறக்காமல் பில் போட்டார்கள்.

"இனிமே பசியே எடுக்காது, இனிப்புப் பக்கமே போக மாட்டீங்க" என்றும் சொன்னார்கள். பாதிதான் உண்மை. ஸ்லீவில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள், பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது அந்தப் பகுதியில்தான், அதனால் பல மாதம் பசி அடங்கித்தான் கிடக்கும். பசி இல்லையென்றால் சாப்பிடவும் தோன்றாது, ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் எங்கிருந்து வரும்? அக்காவுக்குத் தாளிக்கிற வாசனையே குமட்டியது. அரை இட்லி சாப்பிட்டால் நெஞ்சில் அடைத்துக்கொண்டு நுரை நுரையாக எச்சில் வரும், ஒரு கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். டீயில் நனைத்த பிஸ்கட்டும் ஐஸ்கிரீமும் மட்டும் வழுக்கிக்கொண்டு இறங்கும். அப்படியே அதிலேயே போய் நின்றுவிட்டாள். இந்த ஆபரேஷன் செய்தவர்கள் நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது, டயட்டீஷியன் என்று ஒருவர் இருப்பதே இதற்குத்தான். ஒன்று, ஒன்றரை வருஷத்தில் பசி மெல்லத் திரும்பக்கூடும் என்பதையும் யாரும் சொல்லவில்லை.

பிறகு வாந்தி நிற்கவே இல்லை. போன் செய்தால் "எல்லாருக்கும் இருக்கிறதுதான் மேடம், கேஸ் மாத்திரை போடுங்க" என்று வைத்துவிடுவார்கள். பாதம் எரிகிறது, மரத்துப் போகிறது என்றபோதும் அதே பதில். வேறு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே டியூட்டி டாக்டர் குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின், அதாவது பி1, ஊசி போட்டார். வாந்தி தொடர்ந்தால் பி1 சில வாரத்திலேயே தீர்ந்துவிடும், கவனிக்காமல் விட்டால் நரம்பும் மூளையும் பாதிக்கும் என்று அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அக்கா இப்போது நடக்கிறாள், எரிச்சல் இன்னும் முழுசாகப் போகவில்லை.

இந்த ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் பணம் கட்டும் முன்பே டயட்டீஷியனை நேரில் பாருங்கள், உங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏற்றபடி எழுதித் தரச் சொல்லுங்கள். பி12, இரும்பு, வைட்டமின் டி எப்போதெல்லாம் பரிசோதிப்பார்கள், அது பேக்கேஜில் சேர்ந்ததா என்று எழுத்தில் வாங்குங்கள், விட்டமின் மாத்திரை ஆயுசுக்கும் வேண்டும். ராத்திரி வாந்தி எடுத்தால் யாருக்குப் போன் செய்வது என்று ஒரு நம்பர் வாங்குங்கள்.

மருத்துவமனையில் இருக்கும் உங்கள் சிகிச்சை ஃபைல் நகலையும் உடனே எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002 மருத்துவக் கவுன்சில் விதியிலேயே இருக்கிறது. எங்களுக்கு இன்னும் தரவில்லை, அதையும் புகாரில் சேர்த்திருக்கிறோம்.