பிலிப்ஸ் சிடி 104: மதுரை வெயிலில் ஒரு பழைய சிடி பிளேயர்

நாதஸ்வரமும் தவிலும் வீட்டில் அவற்றின் இயல்பான கம்பீரத்தோடு ஒலிக்க வேண்டும் என்று விரும்புவோருக்கு, 1984-ஆம் ஆண்டு வாக்கில் விற்பனைக்கு வந்த பிலிப்ஸ் சிடி 104-ஐ நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் லேசரின் அசைவையும் தட்டின் சுழற்சியையும் கட்டுப்படுத்தும் அதன் சர்வோ போர்டைச் சோதித்துப் பார்க்காமல் யாரும் பணம் கொடுக்க வேண்டாம்.

எனக்கு இது டவுன் ஹால் ரோடு அருகே ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் வழியாகக் கிடைத்தது. மூடியைத் திறந்ததும் கண்ணில் படுவது சிடிஎம்-1 என்னும் லேசர் அமைப்பு. வார்ப்பு உலோகச் சட்டத்தின் மீது, ஊசல் போலப் பக்கவாட்டில் அசையும் ஒரு கை. அதன் நுனியில் கண்ணாடி லென்ஸ். பற்சக்கரமோ தண்டவாளமோ இல்லாமல் காந்தமும் கம்பிச்சுருளும் மட்டுமே அந்தக் கையை நகர்த்துவதால், தேய்ந்துபோவதற்கு அங்கே அதிகம் ஒன்றுமில்லை.

சிடியில் ஒலி 16 பிட்டாகப் பதிவாகியிருக்க, அந்த எண்களை மீண்டும் ஒலி அலையாக மாற்றும், இதிலுள்ள டிடிஏ 1540 சிப்புகள் 14 பிட் மட்டுமே கொண்டவை என்பதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. ஆனால் விநாடிக்கு 44,100 ஆக வரும் ஒலி மாதிரிகளை இது நான்கு மடங்காக்கி, பிட் குறைவதால் எழும் இரைச்சலில் பெரும்பகுதியைக் காதுக்கு எட்டாத அதிர்வெண்களுக்குத் தள்ளிவிடுவதால், 16 பிட்டுக்கு நிகரான துல்லியம் கிடைத்துவிடுகிறது. எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரத்தைக் கேட்டபோது, தவிலின் வலது முகமான வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள் விழும் ஓசையும் இடது முகமான தொப்பியில் கழி விழும் ஓசையும் ஒன்றோடொன்று குழம்பாமல் தனித்தனியே நின்றன. மதுரை மணி ஐயரின் பழைய கச்சேரிப் பதிவுகளில் நாடாவின் இரைச்சலையும் இது மறைக்கவில்லை. அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

சர்வோ போர்டின் இரு பக்கங்களையும் இணைக்கும் துளைகளில் நாளடைவில் ‘டிரை சால்டர்’, அதாவது சால்டர் இணைப்பில் விரிசல் விட்டுத் தொடர்பு அறுபடுவது, இந்த மாடலில் பலரும் அறிந்த பலவீனம். ஒவ்வொரு துளையிலும் மெல்லிய செப்புக் கம்பியைச் செலுத்தி இருபுறமும் சால்டர் வைப்பதே நிலையான தீர்வு. எனக்கு வந்த கருவியில் அந்த வேலை முன்பே முடிந்திருந்தது. விரிசல் சூட்டில்தான் தன் குணத்தைக் காட்டும் என்பதால், வாங்கும்போது முதல் பாட்டைக் கேட்டுவிட்டுத் திருப்தி அடையாமல், ஒரு மணி நேரமாவது ஓடவிட்டு, பிறகு நீளமான தட்டு ஒன்றின் கடைசிப் பாட்டுக்குத் தாவச் சொல்லிப் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் இதை ஆம்ப்ளிஃபயரின் மேல் அடுக்கி வைக்கவே கூடாது.

ரிமோட் கிடையாது. எம்பி3 தட்டுகளையும், அழித்தெழுதும் தட்டுகளையும் இதில் கேட்க இயலாது. சிடிஎம்-1 இப்போது தயாரிப்பில் இல்லாததால், லேசர் பழுதான கருவியை உதிரிபாகத்துக்காக மட்டுமே வாங்கலாம். சால்டர் வேலை பாக்கியிருந்தால் மெக்கானிக்கின் கூலியைக் கழித்தே விலை பேச வேண்டும்.