பால்கனி கான்கிரீட் ரிப்பேருக்கு ஆள் கூப்பிடும் முன் இதைப் படியுங்கள்: 68,500 ரூபாய் போச்சு

இன்று காலை ஆறரை மணிக்கு, பால்கனியின் அடிப்பக்கத்திலிருந்து தாம்பாளம் அகலத்துக்கு ஒரு காரை பெயர்ந்து விழுந்தது. அம்மா கோலம் போட்டுவிட்டு நகர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான்கு மாதத்துக்கு முன் 68,500 ரூபாய் கொடுத்துச் சரிசெய்த அதே இடம். எனக்கு இன்னும் கை நடுங்குகிறது.

திருவான்மியூரில் 1988-ல் அப்பா கட்டிய வீடு. உப்புக் காற்று உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடித்தால், துரு உப்பிக் கான்கிரீட்டை வெளியே தள்ளிவிடும். அதனால்தான் நம் கொத்தனாரை விட்டுவிட்டு, வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஓர் ஆப்பில் பதிவு செய்தேன்.

வந்தவர் சுத்தியலால் தட்டி, "இங்க சத்தம் மாறுது பாருங்க சார், உள்ள விட்டுப்போச்சு" என்று காட்டினார். சாதா சிமென்ட் கலவை சுருங்கி விலகிவிடும், பாலிமர் சேர்த்த ரிப்பேர் கலவையான பாலிமர் மார்ட்டர்தான் பிடித்து நிற்கும் என்றார். சொன்னது அத்தனையும் சரி. அதனால்தான் நம்பினேன்! அம்மா காபி போட்டுக் கொடுத்தார். நான் முழுப் பணத்தையும் அன்றே கட்டினேன்.

விழுந்த துண்டைத் திருப்பிப் பார்த்தேன். முறுக்குக் கம்பியின் தடம் அச்சு அசலாகப் பதிந்திருக்கிறது, அந்தப் பள்ளம் முழுக்கச் செந்துரு. விரலில் ஒட்டுகிறது. கம்பியைத் தேய்க்கவே இல்லை, துருவின் மேலேயே பூசியிருக்கிறார்கள். பில்லில் 25 கிலோ மார்ட்டர் 9 மூட்டை. மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டுப் போன காலிப் பைகளில் அது ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் சாதா 50 கிலோ சிமென்ட் பை.

போன் செய்தால் முதலில் "மழைதான் காரணம் சார்". அப்புறம் "வாரன்ட்டி 90 நாள்தான்". அப்புறம் "அவர் எங்க ஊழியர் இல்ல". மதியம் புகார் தீர்க்கப்பட்டது என்று மெசேஜ் வருகிறது. எது தீர்ந்தது? 68,500 ரூபாய், அம்மாவின் ஒரு வருட மருந்துச் செலவு!

விரிவாக எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தாமல் பூச விடாதீர்கள். துரு முழுக்கப் போன பிறகு, கம்பி மறுபடி துருப்பிடிக்காமல் காக்கும் ஜிங்க் பிரைமர் பூச்சு, அப்புறம்தான் மார்ட்டர். ஆழமாகப் போயிருந்தால் பலகை அடைத்து, இடுக்கெல்லாம் ஓடி நிரம்பும் மைக்ரோ கான்கிரீட் ஊற்றச் சொல்லுங்கள். மூட்டையில் தேதி பாருங்கள், உங்கள் கண் முன்னால் பிரிக்கட்டும். காலிப் பையை எண்ணாமல் கடைசிப் பணம் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்துவிட்டேன். மிச்சப் பூச்சு இன்னும் தலைக்கு மேலேதான் இருக்கிறது. அம்மாவைப் பின்வாசல் வழியாகப் போய்வரச் சொல்லியிருக்கிறேன்.