சார்க்கோல் லேன்: 1990 பதிவா, 2020 பதிவா?

ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பாடகர் ஆர்ச்சி ரோச்சின் அதே பத்துப் பாடல்கள் இரண்டு ஆல்பங்களாகக் கிடைக்கின்றன. 'சார்க்கோல் லேன்' 1990இல் வந்த முதல் ஆல்பம். 'த சாங்ஸ் ஆஃப் சார்க்கோல் லேன்' 2020இல் வந்தது. தேடும்போது இரண்டும் அடுத்தடுத்து வந்து நிற்பதால், இரண்டாவது வெறும் மறுவெளியீடு என்று பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது முழுக்கப் புதிய ஒலிப்பதிவு.

1990 ஆல்பத்தைத் தயாரித்தவர்கள் ஸ்டீவ் கானலியும் பால் கெல்லியும். குரலுக்கு மேல் எந்த வாத்தியத்தையும் ஏறவிடவில்லை. மறுவருடம் ஆஸ்திரேலிய இசைத்துறையின் 'ஆரியா' விருதுகள் இரண்டு கிடைத்தன. ஆல்பத்தின் உயிர் 'டுக் த சில்ட்ரன் அவே'. பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தெடுப்பது அப்போது அரசின் கொள்கை. விக்டோரியா மாநிலத்தின் ஃப்ராம்லிங்ஹாமிலிருந்து அப்படிப் பிடித்துப்போன குழந்தைகளில் ரோச்சும் ஒருவர். அந்தக் கொள்கை குறித்த விசாரணை அறிக்கை 1997இல்தான் வந்தது. பிரதமரின் மன்னிப்பு 2008இல். பாட்டு எல்லாவற்றுக்கும் முந்தியது. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடும். பாதியில் நிறுத்தினால் ஒப்பாரியாக மட்டுமே படும். ஆனால் முடிவில் பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள், பாடகர் தன்னையும் அவர்களோடு சேர்த்துக்கொள்கிறார். அந்த இடத்துக்காகத்தான் முழுதாகக் கேட்கச் சொல்வது.

'டவுன் சிட்டி ஸ்ட்ரீட்ஸ்' ரோச் எழுதியதல்ல, அவருடைய வாழ்க்கைத்துணை ரூபி ஹன்டர் எழுதியது. தெருவில் படுத்து எழுந்தவர் எழுதிய பாட்டு என்பதால் பரிதாபம் கேட்கும் தொனியே கிடையாது.

2010 பிப்ரவரியில் ரூபி இறந்தார். அதே ஆண்டு ரோச்சுக்குப் பக்கவாதம். பிறகு புற்றுநோயால் நுரையீரலில் ஒரு பகுதியையும் எடுத்தார்கள். 2020 பதிவைக் கேட்கும்போது இதை மனதில் வைக்க வேண்டும். வீட்டுச் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து பதிவு செய்தது: ஸ்டீவன் மேக்னசன் கிதார், சாம் ஆனிங் டபுள் பேஸ், அவ்வளவுதான். குரல் கீழே இறங்கியிருக்கிறது, வரிகள் மூச்சுக்காகக் காத்து நிற்கின்றன. இளமைக் குரலின் அந்த மினுக்கத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஆனால் பொய் சொன்னதை ஒப்புக்கொள்ளும் 'ஐவ் லைட்' வயதான குரலில்தான் முழுசாக நம்பும்படி இருக்கிறது.

போன் ஸ்பீக்கரில் 2020 பதிவைப் போடாதீர்கள். டபுள் பேஸின் அடிச்சுரங்கள் சிறிய ஸ்பீக்கரில் வராது. இருப்பதே இரண்டு வாத்தியம், அதில் ஒன்று போய்விட்டால் பாட்டு வெறிச்சோடிக் கிடக்கும். சாதாரண ஹெட்போனே போதும்.

முதலில் 1990 பதிவை வரிசை கலைக்காமல் ஒருமுறை, அப்புறம் 2020. ஒன்றே ஒன்றுதான் வாங்குவதென்றால் 1990 ஆல்பத்தின் 25ஆம் ஆண்டுப் பதிப்பைப் பாருங்கள், 2015இல் வந்தது. மற்ற கலைஞர்கள் இதே பாடல்களைப் பாடிய பதிவுகளும் அதில் உண்டு. அவற்றில் கோர்ட்னி பார்னட் பாடிய 'சார்க்கோல் லேன்' பாட்டைத் தவறவிட வேண்டாம்.