கடைக் கணக்கு எங்கே இருக்கட்டும்: ஹார்ட் டிஸ்க்கிலா, நாஸ் பெட்டியிலா, கிளவுடிலா?

எது நல்லது என்று கேட்பவரிடம் முதலில் திருப்பிக் கேட்க வேண்டியது, "உங்கள் டேட்டா மொத்தம் எவ்வளவு?" என்பதைத்தான். நெல்லை டவுண் ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடையின் ஐந்து வருஷ டேலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) டேட்டா பெரும்பாலும் இரண்டு ஜிபிக்குள் அடங்கிவிடும். வண்ணார்பேட்டையில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையில் ஒரு டிசைன் ஃபைலே அரை ஜிபி இருக்கும். பாளையங்கோட்டையில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோவுக்கு ஒரே முகூர்த்தத்தில் 300 ஜிபி சேர்ந்துவிடும். இந்த மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொல்பவர் எதையோ விற்க வந்தவர்.

ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் அளவைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பக்கத்திலேயே இன்னொன்றையும் எழுதுங்கள்: மாதம் 20ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி (மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன்) கடைசி நாள், சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கம்ப்யூட்டர் டிஸ்க் செத்துப்போனால் எத்தனை மணி நேரம் தாங்குவீர்கள்? இந்த இரண்டு விடையும் கையில் இருந்தால் பாதித் தேர்வு முடிந்தது.

வேலை நடக்கிற டேட்டா ஒன்று, அதன் காப்புப் பிரதி வேறொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் இந்த விஷயத்தில் முக்கால்வாசித் தப்புக்குக் காரணம்.

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்

இருப்பதிலேயே மலிவு இதுதான். நெட் வேண்டாம், மாத வாடகை இல்லை, இரண்டு ஜிபியைக் காப்பி பண்ண ஒரு நிமிஷம் போதும். ஆனால் நம் ஊரில் இதை வைத்திருக்கும் விதம்தான் சரியில்லை. ஒன்றே ஒன்று வாங்கி, கம்ப்யூட்டரிலேயே ராப்பகலாகச் சொருகி வைத்திருப்பார்கள். ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தால் சி டிரைவைப் பூட்டின கையோடு அதையும் பூட்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன் பக்கம் கடைகளுக்குள் புகுந்தது. கம்ப்யூட்டரும் டிஸ்க்கும் ஒரே மேஜையில் இருந்தால் தண்ணீருக்கு இரண்டும் ஒன்றுதான். நவம்பர் மாத 3பி-க்கு நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி, விருதுநகர் மாவட்டங்களுக்கு 2024 ஜனவரி 10 வரை அவகாசம் கிடைத்தது. கணக்கே கையில் இல்லாதவருக்கு அந்த அவகாசத்தால் பெரிய பிரயோஜனம் இல்லை.

ஆகவே இரண்டு டிஸ்க். ஒன்றில் ஏ, இன்னொன்றில் பி என்று ஸ்டிக்கர் ஒட்டுங்கள். இந்த வாரம் ஏ கடையில், பி வீட்டு மாடியில். சனிக்கிழமை சாயங்காலம் மாற்றுங்கள். பேக்கப் எடுக்கிற பத்து நிமிஷம் தவிர எதுவும் கம்ப்யூட்டரில் சொருகி இருக்கக் கூடாது. வீடும் கடையும் ஒரே தாழ்வில், ஒரே வாய்க்கால் கரையில் இருந்தால், மேட்டில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் ஒன்றைக் கொடுத்து வையுங்கள்.

டேலி பிரைமில் ஆல்ட்டும் ஒய்யும் சேர்த்து அழுத்தினால் டேட்டா மெனு வரும், அதில் பேக்கப். இவ்வளவு தூரம் எல்லாரும் வருகிறார்கள். ரெஸ்டோர் செய்து பார்ப்பவர் அபூர்வம். சோதிக்கும்போது ஒரு எச்சரிக்கை: பழைய பேக்கப்பை ஓடுகிற கம்பெனி இருக்கும் அதே ஃபோல்டரில் ரெஸ்டோர் செய்தால் இன்றைய கணக்கின் மேல் போன மாதக் கணக்கு ஏறி உட்கார்ந்துவிடும். புதிதாக ஒரு காலி ஃபோல்டர் போட்டு, அதற்குள் ரெஸ்டோர் செய்து, கடைசி பில் நம்பர் சரியாக வருகிறதா என்று பாருங்கள்.

உவரி, திசையன்விளை, கூடங்குளம் பக்கம் உப்புக் காற்று யூஎஸ்பி முனையை அரித்துவிடும். ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத சிப் டிஸ்க்) கீழே விழுந்தாலும் தாங்கும், வேகமும் உண்டு. ஆனால் வருஷக்கணக்கில் கரண்ட் கொடுக்காமல் பீரோவில் வைப்பதற்கு அது ஏற்றதல்ல, சேமித்த சார்ஜ் மெல்லக் கசியும். பென் டிரைவ் கொண்டுபோகத்தான், வைத்துக்கொள்ள அல்ல.

நாஸ் பெட்டி

நாஸ் என்பது எல்லாக் கம்ப்யூட்டரும் நெட்வொர்க் வழியாகப் பகிரும் டிஸ்க் பெட்டி. நாலு கம்ப்யூட்டருக்கு மேல், எல்லாரும் ஒரே பெரிய ஃபைல்களைத் திறக்க வேண்டும் என்றால்தான் நாஸ் பற்றி யோசிக்க வேண்டும். இரண்டு டிஸ்க் போடும் பெட்டி, 4 டிபி டிஸ்க் இரண்டு, ஒரு கிகாபிட் சுவிட்ச், ஒரு யூபிஎஸ். எல்லாம் சேர்ந்து அரை லட்சத்தை ஒட்டி வரும். ரெய்டு 1-ல் (ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் முறை) போட்டால் கிடைப்பது 8 அல்ல, 4 டிபி, விண்டோஸ் அதை 3.6 என்று காட்டும். 20 வாட் இழுக்கும் பெட்டி ராப்பகலாக ஓடினால் மாதம் 14, 15 யூனிட் ஆகும்.

"ரெண்டு டிஸ்க் இருக்கே அண்ணாச்சி, இனி பேக்கப் எதுக்கு?" என்று கேட்பார்கள். ரெய்டு காப்பாற்றுவது ஒரு டிஸ்க் செத்துப்போகும் விபத்திலிருந்து மட்டும். ஒருவர் தெரியாமல் ஃபோல்டரை அழித்தால் அதே நொடியில் இரண்டு டிஸ்க்கிலும் அழியும். அதற்குத்தான் ஸ்நாப்ஷாட் (அந்த நேரத்து நிலையை அப்படியே பதிந்து வைக்கும்) வசதி. பெட்டி வாங்கும்போதே அது உண்டா என்று கேட்டு வாங்கி, தினம் ஒன்று எடுத்து 30 நாள் வைத்திருக்கும்படி செட் பண்ணுங்கள். டிஸ்க் வாங்கும்போது எஸ்எம்ஆர் வகை (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதுவது) வேண்டாம், சிஎம்ஆர் (தடங்களைத் தனித்தனியாக எழுதுவது) வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். செத்த டிஸ்க்கை மாற்றி ரெய்டைத் திரும்பக் கட்டும்போது எஸ்எம்ஆர் நாள்கணக்கில் இழுக்கும், பாதியில் விட்டும் போகும். அந்த நேரத்தில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு டிஸ்க்.

இங்கே நாஸைக் கொல்வது பெரும்பாலும் மின்சாரம்தான். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் அமைப்பு கெடும். யூபிஎஸ் வைத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து யூஎஸ்பி கேபிள் நாஸுக்குப் போக வேண்டும். அப்போதுதான் பேட்டரி இறங்குமுன் பெட்டி தானாக மூடிக்கொள்ளும். அந்த 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் கை விட்டுவிடும், வாங்கின தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிக்கு எர்த் முக்கியம். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டரில் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைப் பார்க்கச் சொல்லுங்கள். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி ரைஸ் மில் ஆபீஸ்களில் உமித்தூசி ஃபேனை அடைத்துவிடும். டிஸ்க் சூடு 50 டிகிரியைத் தாண்டினால் தகவல் வரும்படி வைத்து, மாதம் ஒருமுறை ஊதித் துடையுங்கள்.

வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து நேராக உள்ளே வரும் வாசல்) திறந்துவிடும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். இணையத்தில் நேராகத் திறந்து கிடக்கும் நாஸ்களைத் தேடிப் பிடித்துப் பூட்டுவதற்கென்றே ரேன்சம்வேர் உண்டு. விபிஎன் (இணையத்துக்குள் பூட்டிய தனி வழி) வழியாகப் போங்கள்.

வெறும் டேலிக்காக நாஸ் வாங்குவது வீண் செலவு. எஸ்எஸ்டி போட்ட ஒரு நல்ல கம்ப்யூட்டரில் டேட்டாவை வைத்து, மற்றவை அதிலிருந்து கேபிள் வழியாக எடுத்தால் போதும். வைஃபையில் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் டேட்டா கெடும்.

கிளவுட்

இணையம் வழியாக வேறொருவர் சர்வரில் டேட்டாவை வைப்பதுதான் கிளவுட். இதில் இரண்டு ரகம். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் மாதிரி ஃபைலை ஏற்றி வைப்பது ஒன்று. சர்வரையே வாடகைக்கு எடுத்து அதில் டேலியை ஓட்டுவது இன்னொன்று.

முதல் ரகத்தில் செய்யக் கூடாதது, ஓடுகிற டேலி ஃபோல்டரை அப்படியே டிரைவ் ஃபோல்டருக்குள் வைப்பது. டேலி எழுதிக்கொண்டிருக்கும் ஃபைலை டிரைவ் பாதியில் எடுத்து ஏற்றும். இன்னொரு கம்ப்யூட்டரிலும் அதே ஃபோல்டர் இருந்தால் அரைகுறை ஃபைல் அங்கே போய் இறங்கும். பேக்கப் ஃபைலை மட்டும், தேதி போட்ட ஃபோல்டரில் ஏற்றுங்கள். டிரைவில் அழித்தது டிராஷில் 30 நாள்தான் இருக்கும். இலவச 15 ஜிபி என்பது ஜிமெயிலுக்கும் போட்டோவுக்கும் சேர்த்துத்தான். அது நிரம்பினால் பேக்கப் நிற்பதோடு மெயில் வருவதும் நின்றுபோகும்.

டேலிக்குக் கிளவுட் கச்சிதம். 40 எம்பிபிஎஸ் லைனில் 2 ஜிபி ஏழு நிமிஷத்தில் இறங்கிவிடும், 20ஆம் தேதி சாயங்காலத்தைச் சமாளிக்கலாம். அதே லைனில் ஸ்டூடியோவின் 300 ஜிபிக்கு 17 மணி நேரம் ஆகும். ஏற்றும் வேகம் 10 எம்பிபிஎஸ்தான் என்றால் ஏற்றவே மூன்று நாளைத் தொடும். அதற்குள் அடுத்த முகூர்த்தம் வந்துவிடும்.

கிளவுடில் டேட்டா தொலைவதைவிடச் சாவி தொலைவதுதான் அதிகம். கணக்கு எழுதும் தம்பியின் சொந்த ஜிமெயிலில் பேக்கப் போகும், அவர் வேறு கடைக்குப் போனதும் பாஸ்வேர்டும் கூடவே போகும். கடைப் பெயரில் தனி மெயில், முதலாளி கையில் இருக்கும் சிம்முக்கு ஓடிபி, அவசரக் குறியீடுகளை (ஓடிபி வராதபோது உள்ளே நுழைய உதவும் எண்கள்) அச்சடித்துப் பீரோவில். இரண்டு வருஷம் திறக்காத கூகுள் கணக்கை அவர்கள் அழித்துவிடலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும். டேலி வால்ட் போட்டுப் பூட்டினால் அந்தப் பாஸ்வேர்டும் பீரோவுக்குள் போக வேண்டும், மறந்தால் மீட்க வழியில்லை.

சர்வர் வாடகை ரகம், தென்காசியிலும் வள்ளியூரிலும் கிளை வைத்து ஒரே கணக்கில் பில் போடுபவருக்கு லாபம். ஆளுக்கு இவ்வளவு என்று மாத வாடகை. ரோட்டைத் தோண்டி ஃபைபரை அறுத்தால் பில் நிற்கும்தான், ஆனால் சர்வரின் திரையை மட்டும் இங்கே காட்டும் ரிமோட் திரைக்குப் பெரிய வேகம் தேவையில்லை, போன் ஹாட்ஸ்பாட்டிலேயே ஓட்டிவிடலாம். பணம் கட்டுமுன் கேளுங்கள்: பேக்கப் யார் எடுப்பது, எத்தனை நாளுக்கு இருக்கும், நான் விலகினால் டேட்டாவை எந்த வடிவில், எத்தனை நாளில் தருவீர்கள்? பதிலை மெயிலில் வாங்குங்கள்.

பிரைவேட் லிமிடெட் என்றால் சட்டமும் பேசும். கம்பெனி கணக்கு விதிகளின் 2022 ஆகஸ்ட் திருத்தத்துக்குப் பிறகு, மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவில் இருக்கும் சர்வரில் தினமும் இருக்க வேண்டும். தனி உரிமையாளர் கடைக்கு அந்த விதி இல்லை. ஆனால் ஜிஎஸ்டி கணக்கை, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கும் கடமை எல்லாருக்கும் உண்டு.

யாருக்கு எது

ஜவுளி, அல்வா, மருந்துக் கடைகளுக்கு: டேட்டா கடைக் கம்ப்யூட்டரில், தினமும் கடை அடைக்குமுன் பேக்கப் ஃபைல் கிளவுடுக்கு, வாரம் மாறும் இரண்டு டிஸ்க். நாஸ் வேண்டாம். ஃப்ளெக்ஸ், ஆஃப்செட், பிளான் போடும் இன்ஜினியர் ஆபீஸ்: நாஸ், ராத்திரி அதிலிருந்து யூஎஸ்பி டிஸ்க்குக்குத் தானியங்கிப் பிரதி, முடிந்த வேலைகளை மட்டும் கிளவுடில். அந்த யூஎஸ்பி டிஸ்க்கும் இரண்டு இருக்கட்டும், வாராவாரம் மாற்றி ஒன்றை வெளியே வையுங்கள்.

ஸ்டூடியோவுக்கு ஒவ்வொரு கல்யாணத்துக்கும் இரண்டு டிஸ்க் பிரதி, ஒன்று வேறு வீட்டில். இரண்டும் திறக்கிறதா என்று பார்க்கும்வரை கேமரா கார்டை அழிக்க வேண்டாம். ஆல்பமும் வீடியோவும் கொடுத்த பிறகு ராவ் ஃபைல்களை (எடிட் செய்யாத மூல ஃபைல்கள்) எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள் என்பதை அட்வான்ஸ் பில்லிலேயே அச்சடித்துவிடுங்கள். பெண் வீட்டார் மூணாவது வருஷம் வந்து கேட்கும்போது பேச்சு வளராது.